இழுத்தால் அவிழும் முடிச்சு

அத்தியாயம் ஆறு

"இந்த ஓடைக்கு ஒரு மூக்கு இருந்திருந்தா, தன்னோட நாத்தம் தாங்காம தானே எழுந்து கடலுக்குப் போயிருக்கும் அத்தான்" என்றான் மைத்துனன். கைக்குட்டைக்குள்ளிருந்து வந்த பேச்சாதலால் அதில் பாதி மூக்காலேயே ஒலித்தது.

துப்பறிவாளர் சிரிக்கவில்லை. மணல்திட்டின் உச்சியில் நின்று முதலில் இடப்பக்கம் பார்த்தார். பிறகு வலப்பக்கம் பார்த்தார். இடப்பக்கம் கடல் தன் பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. வலப்பக்கம் ஓடை, ஆறிப்போன தேநீரின் நிறத்தில், அசையாமல் கிடந்தது. சிறு மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இரண்டு நீருக்கும் நடுவே ஒரு லாரி தாராளமாகத் திரும்பக்கூடிய அகலத்துக்கு மணல் மேடிட்டிருந்தது. சென்ற மாதம்வரை இதே இடத்தில்தான் ஓடை கடலோடு கலந்தது.

அந்த முகத்துவாரத்தைத் திறப்பதற்கும், சாலைக்கு அடியிலுள்ள குறுகலான குழாயை எடுத்துவிட்டு அகலமான பாலம் கட்டுவதற்கும் நீர்நிலை மீட்பு நிதியம் மானியம் அனுமதித்திருந்தது. வேலை தொடங்கவிருந்த வேளையில் நிதியத்தின் அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் பெயர் சொல்லவில்லை. "அந்த ஓடையோட வாய் அடைஞ்சது இல்லைங்க, அடைச்சது" என்று மட்டும் ஓர் ஆண் குரல் சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தது.

நிதியத்தின் விதி கடுமையானது. இயற்கையாலோ நெடுநாள் கவனிப்பின்மையாலோ கெட்ட நீர்நிலைக்கே மானியம் உண்டு. மனிதர் வேண்டுமென்றே கெடுத்ததற்கு ஒரு செப்புக்காசும் கிடையாது. எனவேதான் துப்பறிவாளர் அனுப்பப்பட்டார்.

அவரைத் தெரிந்தவர்கள் அவர் இல்லாத இடத்தில் அவரை ‘ஒற்று’ என்றே குறிப்பிடுவார்கள். ஒற்றறிவது அவருடைய தொழில் என்பது ஒரு காரணம். கடைப் பலகையில் ஓர் ஒற்று விடுபட்டிருந்தால் அந்தக் கடையில் தேநீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிடுவார் என்பது மற்றொரு காரணம். இந்த வழக்கில் இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்திருந்தன. அடைந்தது என்றால் தானாக நிகழ்ந்தது. அடைத்தது என்றால் ஒருவர் செய்தது. நடுவில் நிற்பது ‘ந்’ என்னும் ஒற்றா, ‘த்’ என்னும் ஒற்றா என்பதுதான் கேள்வி.

"ஒரே ஒரு எழுத்துக்காகவா அத்தான் இவ்வளவு தூரம் பெட்ரோல் போட்டு வந்தோம்?"

"ஒரு எழுத்துகூட இல்லை மாப்ளே. ஒற்றுக்கு அரை மாத்திரைதான்."

"அப்போ நம்ம சம்பளமும் பாதிதானா? அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் அந்தப் பக்கம் வரமாட்டேன்."

மைத்துனன் மணல்திட்டின் உட்சரிவில் ஓடையை நோக்கி இறங்கினான். நான்கைந்து அடி வைத்திருப்பான். கால் எதிலோ மாட்டியது. குனிந்து பார்த்தான். மணலிலிருந்து ஒரு நைலான் கயிற்றின் நுனி, எலிவால்போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"எவனோ வலை வெச்சிருக்கான்" என்று சொல்லியபடி அதைப் பிடித்து ஓங்கி இழுத்தான். கயிறு முரண்டு பிடிக்கும் என்று எதிர்பார்த்தவனுக்கு அது வழுக்கிக்கொண்டு வந்தது. அவன் அப்படியே மல்லாந்து, தன் புதுச் சட்டையோடு சேற்றில் விழுந்தான்.

துப்பறிவாளர் அருகில் வந்து பார்த்தார். மணலுக்குள் ஒரு சாக்கு தெரிந்தது. அதன் வாய் அப்போதுதான் திறந்து, உள்ளிருந்த மணல் சரிந்துகொண்டிருந்தது.

"நல்லா விழுந்தே மாப்ளே. இன்னொரு தடவை விழ முடியுமா?"

"டிக்கெட் வாங்கிட்டீங்களா?"

இருவரும் கையாலேயே தோண்டினார்கள். மேற்பரப்பை ஒட்டி இன்னும் இரண்டு மூட்டைகள் கிடைத்தன. மற்றவை ஆழத்தில் புதைந்திருக்க வேண்டும். மூட்டைகளின் வாய்கள் ஒரேவிதமாகக் கட்டப்பட்டிருந்தன. பக்கவாட்டில் இரண்டு வளையங்கள், இடப்பக்கம் நீண்ட வால். துப்பறிவாளர் ஒரு வாலை இரு விரல்களால் மெல்ல இழுத்தார். முடிச்சு சத்தமின்றி அவிழ்ந்தது. மற்றொன்றைத் தொடாமல் விட்டார்.

"ஆள் செஞ்ச வேலைதான். சந்தேகமே இல்லை" என்றான் மைத்துனன், சட்டையின் பின்புறத்தைத் தட்டிக்கொண்டே. "வழக்கு முடிஞ்சுது. சாப்பிடப் போலாமா?"

"நீ ஒருத்தரைக் கெடுக்கணும்னு அவங்க வாசலை அடைக்கிறே. மூட்டையை எப்படிக் கட்டுவே?"

"பல்லால கடிச்சு இறுக்கி, ஏழு ஜென்மத்துக்கும் அவிழாத மாதிரி கட்டுவேன்."

"இவங்க இழுத்தா அவிழுற மாதிரி கட்டியிருக்காங்க. இழுக்குறதுக்கு வசதியா வாலும் விட்டிருக்காங்க."

மைத்துனன் கயிற்றைப் பார்த்தான். அடைபட்ட ஓடையைப் பார்த்தான். "திறக்கணும்னு நினைச்சுக்கிட்டேவா அடைச்சாங்க?"

"அப்படி நினைக்கிறவங்க இந்த ஓடைக்கு எதிரியா இருக்க முடியாது" என்றார் துப்பறிவாளர். எதிரியைப் பிடிப்பதென்றால் அவருக்கு உற்சாகம் தானாக வரும். இது அந்த வகையான வழக்காகத் தெரியவில்லை.

ஓடைப் பாதுகாப்புச் சங்கத்துக்கென்று தனி அலுவலகம் இல்லை. சந்தைத் தெருவின் முனையிலிருந்த மருந்துக் கடையின் பின்னறையே அதன் அலுவலகம். மருந்துக் கடைக்காரியே அதன் செயலாளர். நாற்பத்தைந்து வயதிருக்கும். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே மேசையில் தேடுகிற வழக்கம் உடையவர். கடையின் வாசலில் எடை பார்க்கும் இயந்திரமும், உள்ளே ஆள் உயரக் கண்ணாடி அலமாரிகளும் நின்றன. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை முனகியது. மருந்து நிறுவனங்களின் நாட்காட்டிகள் தொங்க வேண்டிய சுவரில் ஓடையின் படங்கள் ஒட்டப்பட்டிருந்தன: ஓடையில் கொக்கு, ஓடையில் சூரியன், இடுப்பளவு நீரில் நண்டுக்கூடையோடு சிரிக்கும் ஒரு மனிதர்.

"வாங்க சார், வாங்க தம்பி. நிதியத்துல இருந்துதானே? காலையிலதான் போன்ல சொன்னாங்க" என்று அவர் முகம் மலர்ந்து வரவேற்றார். "வேலை எப்போ ஆரம்பிக்குறாங்க? மீனெல்லாம் மூச்சு வாங்க மேல வந்து நிக்குது. இந்த வெயில்ல இன்னும் எத்தனை நாள் தாங்கும்னு தெரியலை. ஒரு நிமிஷம், இவரை அனுப்பிட்டு வந்துடுறேன்."

கல்லாவின் எதிரே ஒரு முதியவர் நின்றுகொண்டிருந்தார். அவருடைய கைகள் ஓயாமல் நடுங்கின. மருந்துக் கடைக்காரி மாத்திரை அட்டைகளையும் ஒரு சீசாவையும் காகிதத்தில் வைத்துப் பொட்டலம் கட்டினார். விரல்கள் பழக்கத்தால் தாமாகவே ஓடின. இரண்டு வளையங்கள், இடப்பக்கம் நீண்ட வால்.

"ஐயா, வீட்டுக்குப் போனதும் இந்த வாலைப் பிடிச்சு இழுங்க. பல்லை வெச்சுக் கடிக்காதீங்க. இருக்குறதே ரெண்டு."

முதியவர் சிரித்துக்கொண்டே போனார். மைத்துனன் அவர் கையிலிருந்த பொட்டலத்தைத் தெருத் திருப்பம்வரை பார்த்துக்கொண்டிருந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன், அத்தானின் முகத்தைப் பார்த்து அதை மூடிக்கொண்டான். அவன் வாய் தானாக மூடியது அன்றைக்கு அதுவே முதல்முறை.

"ஓடை அடைஞ்ச அன்னிக்கு நீங்க பக்கத்துல இருந்தீங்களாம்மா?" என்று துப்பறிவாளர் கேட்டார். ‘அடைஞ்ச’ என்னும் சொல்லை அவர் சற்று நிறுத்தியே உச்சரித்தார்.

"இருந்தேனே. அடைச்சப்போ முழங்கால் தண்ணிதான் சார் இருந்துச்சு, அதனாலதான் சுலபமா…"

மின்விசிறி முனகியது. மருந்துக் கடைக்காரியின் கை நெற்றியிலிருந்த கண்ணாடியைத் தேடிப் போய்ப் பாதியிலேயே நின்றது.

துப்பறிவாளர் சட்டைப் பையிலிருந்து நைலான் கயிற்றை எடுத்துக் கல்லாவின்மேல் வைத்தார். "ஒரே ஒரு எழுத்து மாறிப்போச்சும்மா."

மருந்துக் கடைக்காரி அழவில்லை, மறுக்கவும் இல்லை. கடையின் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்து, முக்காலியில் அமர்ந்தார்.

"வருஷாவருஷம் மனு போட்டோம் சார். ரோட்டுக்கு அடியில இருக்குற குழாய் வழியா கடல் தண்ணி உள்ள வர்றது குறைஞ்சுக்கிட்டே போகுது, இப்படியே விட்டா ஓடை செத்துரும், பாலம் கட்டிக் கொடுங்கன்னு எழுதினோம். ஒவ்வொரு தடவையும் அதிகாரி வருவாரு. அவர் வர்ற அன்னிக்குன்னு பார்த்து நண்டு ஓடும், கொக்கு நிக்கும். ‘ஓடை நல்லாத்தானே இருக்கு? இது மீட்பு நிதிம்மா. மீட்கணும்னா முதல்ல ஏதாவது தொலைஞ்சிருக்கணும்’னு சொல்லிட்டுப் போயிடுவாரு. பாதுகாக்குறதுக்கு அவங்ககிட்ட நிதி இல்லையாம்."

"காய்ச்சல் வந்தாத்தான் மாத்திரை" என்றான் மைத்துனன்.

"இல்லை தம்பி. உயிர் போனாத்தான் மாத்திரை."

மைத்துனன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அதனால நீங்களே அடைச்சீங்க" என்றார் துப்பறிவாளர்.

"நானும் என் அண்ணனும். அதோ, படத்துல நண்டுக்கூடையோட இருக்காரே, அவருதான். சங்கத்துல வேற யாருக்கும் தெரியாது. ரெண்டு மூணு நாள்தான், அதிகாரி பார்த்துட்டுப் போனதும் முடிச்சை இழுத்து விட்டுடலாம், மணலைத் தண்ணியே அடிச்சுக்கிட்டுப் போயிடும்னு நினைச்சோம். அவரும் வந்தாரு, மூக்கைப் பொத்துனாரு, கையெழுத்துப் போட்டாரு. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா சார்? கூடவே வெக்கமாவும் இருந்துச்சு. அன்னிக்கே திறக்கப் போனோம்." அவர் கயிற்றின் நுனியை விரலில் சுற்றினார். "அன்னிக்குத்தான் கடல் பொங்குச்சு. கண்ணு முன்னாடியே மணலை வாரி வாரிக் கொட்டுச்சு. அண்ணன் முங்கி முங்கித் தேடினாரு. ஒரு முடிச்சுகூடக் கைக்கு வரலை. நாங்க அடைச்சது ஒரு வரிசை மூட்டை சார். வாய் முழுசா அடைஞ்சது அதுக்கப்புறம்தான்."

"ஆள் வெச்சுத் தோண்டலையா?"

"தோண்டாம இருப்போமா? பகல்ல தோண்டுறதைக் கடல் மறுபடி நிரப்பிடுது. பொக்லைன் வேணும், ஒரே மூச்சுல வெட்டணும். நிதியத்தோட உத்தரவு இல்லாம பொக்லைனைக் கரையில இறக்க விடமாட்டாங்க. அந்த மானியம்தான் சார் இப்போ எங்களுக்கு எல்லாமே." இதுவரை கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "இதையெல்லாம் யார் உங்ககிட்ட சொன்னாங்க?"

"நான்தான் சொன்னேன்" என்றது ஒரு குரல்.

பாதி சாத்திய கதவுக்கு வெளியே படத்திலிருந்த மனிதர் நின்றிருந்தார். படத்திலிருந்த சிரிப்பு மட்டும் அவரிடம் இல்லை. கால்களில் சேறு காய்ந்திருந்தது. தோளில் தொங்கிய நண்டுக்கூடை காலியாக இருந்தது.

"அண்ணே!"

"போன் பண்ணினது நான்தான்மா."

"உனக்கு என்ன பைத்தியமா? எல்லாம் கைக்கு வந்த நேரத்துல?"

"எங்கே வந்துச்சு? கையெழுத்து வந்துச்சு. மெஷின் வந்துச்சா?" நண்டுக்காரர் உள்ளே வரத் தயங்கி, வாசற்படியிலேயே நின்று பேசினார். "தினமும் காலையில நான்தானே போய்ப் பார்க்குறேன். நண்டெல்லாம் கரையேறிச் சாகுது. வேலை எப்போன்னு கேட்டா அடுத்த வாரம்ங்குறாங்க, அதுக்கு அடுத்த வாரம்ங்குறாங்க. இயற்கையா அடைஞ்சதுன்னாத்தானே மெதுவா வருவாங்க, எவனோ அடைச்சான்னு சொன்னா குத்தம் ஆயிடும், போலீஸ் வரும், உடனே தோண்டிப் பார்ப்பாங்கன்னு நினைச்சேன். கேட்டா நான் ஒருத்தன்தான் செஞ்சேன்னு சொல்லிக்கலாம். ஜெயிலுக்குப் போனா என்ன? ஓடை திறந்துடும்ல." அவர் துப்பறிவாளரையும் மைத்துனனையும் மாறிமாறிப் பார்த்தார். "கையில ஒரு மண்வெட்டிகூட இல்லாம ரெண்டு பேரை அனுப்பி வைப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

தங்கை எழுந்தார். முக்காலியை நகர்த்தி அண்ணனுக்கு இடம் விட்டார். அவரோ வாசற்படியை விட்டு நகரவில்லை.

துப்பறிவாளர் தெருவுக்கு வந்து, எடை பார்க்கும் இயந்திரத்தின் அருகே நின்றார். தம் தொழிலில் அவர் ஓர் ஒற்றைக்கூடக் கூட்டியதுமில்லை, குறைத்ததுமில்லை. அறிக்கையில் அவர் எழுத வேண்டியது ஒரே சொல். ‘அடைத்தது’ என்று எழுதினால் உண்மை. ஆனால் ஓடை செத்துவிடும். ‘அடைந்தது’ என்று எழுதினால் பொய்யா? கடல் வாரிக் கொட்டிய மணலை அவர் தம் கண்ணாலேயே பார்த்திருந்தார். ஒரு வரிசை மூட்டைக்காக ஒரு கடலின் வினையை மறைப்பது மட்டும் எந்த இலக்கணத்தில் சரி?

மைத்துனன் பின்னாலேயே வந்து நின்றான். "அத்தான், நான் எதையும் பார்க்கலை. சேத்துல விழுந்தேன், அவ்வளவுதான். அதுக்கும் சாட்சி இந்தச் சட்டை ஒண்ணுதான். அதை இன்னிக்கே துவைச்சுடுறேன்."

துப்பறிவாளர் அவன் தோளில் ஒருமுறை தட்டினார். பிறகு கைபேசியை எடுத்து நிதியத்தின் அதிகாரியை அழைத்தார்.

"விசாரிச்சுட்டேன் சார். அடைஞ்சதுதான். கடல்தான் மணலைக் கொண்டுவந்து போட்டிருக்கு. வேலையை இன்னிக்கே ஆரம்பிச்சா நல்லது. உள்ள எதுவும் அதிக நாள் தாங்காது."

"அப்படியா? ரொம்ப சந்தோஷம்" என்றார் அதிகாரி. பின்னணியில் அவர் தேநீர் உறிஞ்சும் ஓசை கேட்டது. "அறிக்கையை அனுப்பிடுங்க, கோப்புல சேர்த்துடுறோம்."

"வேலை?"

"எந்த வேலை? ஓ, அதுவா? விசாரணைன்னு ஆரம்பிச்சாலே மானியத்தை நிறுத்தி வெச்சுடுவோம் சார். உங்களை அனுப்பின அன்னிக்கே அது வரிசையில அடுத்து இருந்த ஓடைக்குப் போயிடுச்சு. அதுதான் நடைமுறை."

"நான் என்ன எழுதினாலும்?"

"நீங்க என்ன எழுதினாலும்."

துப்பறிவாளர் கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார். அந்தக் காதுக்காவது வேறு செய்தி கிடைக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. "ஒரு பொக்லைனாவது இறக்க உத்தரவு கொடுங்க சார். ஒரே ஒரு நாளைக்கு."

"மானியம் இல்லாத இடத்துக்கு நாங்க எப்படி உத்தரவு கொடுக்க முடியும்? அவங்களை அடுத்த வருஷம் மறுபடி மனு போடச் சொல்லுங்க. இப்போ நிலைமை ரொம்ப மோசமா இருக்குன்னு சொல்றீங்கல்ல?" அதிகாரியின் குரலில் உண்மையான அன்பு இருந்தது. "கண்டிப்பாக் கிடைச்சுடும்."

வெயில் சாயத் தொடங்கிய நேரத்தில் நால்வரும் மணல்திட்டுக்குப் போனார்கள். போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. துப்பறிவாளர் செய்தியைச் சொல்லி முடித்ததும் நண்டுக்காரர் திரும்பி நடந்தார். தங்கை கடையைப் பூட்டாமலே அவர் பின்னால் நடந்தார். மற்ற இருவராலும் அங்கே நின்றுகொண்டிருக்க முடியவில்லை.

துப்பறிவாளர் தொடாமல் விட்டிருந்த மூட்டை அப்படியே இருந்தது. மருந்துக் கடைக்காரி அதன் எதிரே மண்டியிட்டு, தாம் கட்டிய முடிச்சைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு வாலைப் பிடித்து இழுத்தார். அது அவர் எண்ணியிருந்தபடியே, ஒரே இழுப்பில், நடுங்கும் கைக்கும் இணங்கி அவிழ்ந்தது. சாக்கிலிருந்த மணல் சரிந்து வெளியிலிருந்த மணலோடு கலந்தது. எது அவர்களுடைய மணல், எது கடலின் மணல் என்று பிறகு தெரியவில்லை.

துப்பறிவாளரின் தொழிலில் முடிச்சு அவிழ்ந்தால் வேலை முடிந்தது என்று பொருள். அவர் கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றார்.

"ஏதாவது சொல்லேன் மாப்ளே" என்றார் மெதுவாக.

மைத்துனன் ஓடைப்பக்கம் பார்த்தான். மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடின. "ஒண்ணும் வரலை அத்தான்" என்றான்.

நண்டுக்காரர் தோளிலிருந்து கூடையை இறக்கினார். குனிந்து, கூடை நிறைய மணலை அள்ளினார். நண்டு தங்கி நீர் வடிவதற்கென்று பின்னிய கூடை அது. கடலோரத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டுவதற்குள், மணல் அதன் கண்களின் வழியே ஒழுகி, அவர் நடந்த தடத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. அவர் திரும்பி வந்து மறுபடியும் அள்ளினார்.